ஜெயசீலி டீச்சரின் கவுனித் தட்டை

ஊரப்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டு ஜெயசீலி டீச்சருக்குப் பிடிவாதம் அதிகம். முப்பது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர், ஓய்வு பெற்றதும் அரிசியைப் பிடித்துக்கொண்டார். கணவர் தனசிங் சாருக்குச் சர்க்கரை நோய். ஆனால் தட்டை இல்லாமல் மாலைக் காபி இறங்காது. ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிற ஓர் அரிசித் தட்டையைச் செய்தே தீருவது என்று டீச்சர் கிளம்பிவிட்டார்.

கறுப்புக் கவுனி அரிசியை வேகவைத்து, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்து, காயவைத்து அரைப்பார். பொட்டுக்கடலை மாவு சேர்த்துத் தட்டி, பொரிக்காமல் ஓவனில் வாட்டுவார். ஒரு முறைக்கு ஐந்து தட்டை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து சார் விரலைக் குத்திச் சர்க்கரை அளவைப் பார்க்கவேண்டும். முதலில் 210. பக்குவம் மாற மாற 190, 165. பதினோராவது முறை 138! டீச்சர் தெருவுக்கே கேட்கும்படி ஸ்தோத்திரம் சொன்னார். சர்ச்சில் அறுப்பின் பண்டிகை விற்பனைக்கு நூறு பாக்கெட் தருவதாக வாக்கும் கொடுத்து, ‘சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது’ என்று கவரும் அச்சடித்துவிட்டார்.

கெடுத்தவன் நான்தான். என் வாய் சும்மா இருக்காது.

“சார் இந்த வயசுலயும் சூப்பர், டீச்சர். ஒரு மாசமா சாயங்காலம் ஸ்டேஷன் மேம்பாலத்துல ஏறி ஏறி இறங்குறாரு.”

“தட்டையைச் சாப்பிட்டதும் லைப்ரரிக்குல்ல போறேன்னாரு?” டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. சாரைக் கூப்பிட்டார். நான் நழுவ வழியில்லாமல் நின்றேன்.

“நடந்து நடந்து குறைச்சீங்களா? இதை நம்பி நாலு பேர் சாப்பிட்டிருந்தா என்னங்க ஆகுறது?”

“நம்பர் குறைஞ்சா நீ அவ்ளோ சந்தோஷப்படுற ஜெயா. அதான்...”

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமும் வந்தது. அன்பு இருக்கலாம், அதற்காகப் பரிசோதனையிலா கைவைப்பது?

மறுநாள் அதே தட்டை. சாரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே டீச்சரும் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். 182. முதல் தட்டைக்குக் குறைவுதான், ஆனால் அவர் நம்பியிருந்த அளவுக்குக் குறையவில்லை. நோட்டில் அப்படியே எழுதினார். நூறு கவரிலும் அந்த வரியைப் பேனாவால் அடித்தார்.

பிறகு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“எழுந்திரிங்க, மேம்பாலத்துக்குப் போலாம். இனிமே சொல்லிட்டு நடங்க. நானும் வரேன்.”