இரண்டாம் பிரிவுச் சனிக்கிழமைகள்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் மதியம் ஒரு மணிதான். கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில், எலிவேற்றர் ஒருநாள் ஓடினால் இரண்டு நாள் ஓடாத ஒரு கட்டடத்தில், அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர். ஒரு மணிக்கு இங்கிலாந்திலிருந்து என் தம்பியின் போன் வரும். அப்பா வேளைக்கே சாப்பிட்டுவிட்டு, போனுக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்துவிடுவார். என்னப்பா செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா இருக்கிறன்" என்பார். சும்மா இருக்கிற மனிதர் எதற்குத் தலைவாரிக்கொண்டு இருக்கிறார் என்று நானும் கேட்டதில்லை.

அதற்கு முந்திய வருடம் வரை அவர் தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய ஆலை நகரத்தில் இருந்தான். வேலை செய்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டு, எங்களுக்கு மூச்சுவிடாமல் கலியாணத்தைப் பதிந்துவிட்டான். செய்தி எங்களுக்குக் கலியாணப் படமாகத்தான் வந்தது. அப்பா படத்தை வாங்கிப் பார்க்கவில்லை. "எனக்கு அவனோடை கதைக்க ஒண்டுமில்லை" என்றார். அதன் பிறகு அவன் போன் எடுத்தால் அம்மாவும் நானும் பேசுவோம். அப்பா பல்கணிக்குப் போய், கீழே தண்டவாளத்தில் போகிற ஸ்ரீட்கார்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பனி கொட்டுகிற நாளிலும் போவார். கோபத்தைக் காப்பாற்றுவதற்காகத் தடிமன் பிடிக்கவைத்துக்கொண்டவர் அவர்.

ஒரு ஓகஸ்ட் மாதச் சனிக்கிழமை அம்மா கீழே உடுப்புத் தோய்க்கப் போயிருந்தார். நான் குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. "என்ர கையெல்லாம் மா. நீங்கள் எடுங்கோ அப்பா" என்று கத்தினேன். எடுத்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கித்தான் பேசுவார். மறுமுனையில் தம்பி "ஹலோ" என்றான். நான் மாவில் கையை வைத்தபடி நின்றேன்.

கடைசியில் அப்பா கேட்டார், "அங்கை மழையோ?"

"ஓம் அப்பா. நல்ல மழை. மழைக்குள்ளையும் மட்ச் நடந்தது. இந்த ஊர் கிளப் வெண்டிட்டுது."

"ஆர் கோல் அடிச்சது?"

அவ்வளவுதான். அப்பா இளவயதில் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பின்வரிசையில் நின்று ஆடியவர். அதில் முறிந்த முழங்கால் கனடாவின் குளிரில் அவரை இன்னும் திட்டிக்கொண்டிருந்தது. பந்து என்று வந்தால் கோபத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட அவரால் முடிந்தது.

அந்தக் கிளப்பின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இப்போது அவர்கள் இருக்கிற நிலை தெரிந்தால் சிரிப்பீர்கள். அந்த வருடம் அவர்கள் இரண்டாம் பிரிவில் இருந்தார்கள். பெரிய அணிகள் எல்லாம் மேலே முதற்பிரிவில். வருட முடிவில் நன்றாக ஆடிய இரண்டு மூன்று அணிகள் மேலே ஏறும், மோசமாக ஆடியவை கீழே விழும். முதற்பிரிவு ஆட்டங்களைச் சனிக்கிழமைக் காலைகளில் இங்கே ரீவியில் காட்டுவார்கள். இரண்டாம் பிரிவை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. ஞாயிறு பேப்பரின் ஒரு மூலையில் எறும்பு எழுத்தில் கோல் கணக்கு மட்டும் வரும். ஆகவே ஆட்டத்தின் கதை வேண்டுமென்றால் தம்பிதான் சொல்லவேண்டும்.

அவன் சொன்னான். வாரத்துக்கு வாரம் சொன்னான். எந்தப் பக்கத்தால் பந்து வந்தது, யார் வழுக்கி விழுந்தான், சனம் எந்தப் பாட்டைப் பாடித் தங்கள் கோல்காப்பாளனையே நக்கலடித்தது, எல்லாம் சொன்னான். அப்பாவுக்கு வெள்ளைக்காரப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. உயரமான முன்வரிசைக்காரனுக்கு நெடுவல் என்றும், பின்வரிசைக்காரன் ஒருவனுக்கு மொட்டை என்றும் பெயர் வைத்தார். ஒக்ரோபர் ஆவதற்குள் அது "எங்கட நெடுவல்" ஆகிவிட்டது. தம்பி சில இடங்களில் "கொஞ்சம் பொறுங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டு நிறுத்துவான். பிறகு தொடர்வான். "உவன் ஏன் விழுங்கி விழுங்கிக் கதைக்கிறான்?" என்று அப்பா பின்னால் குறைப்படுவார். ஆனாலும் அவருக்குப் பெருமைதான். "சின்னனிலை பந்து கிடந்தால் சுத்திப் போறவன். அங்கை போய்த்தான் திருந்தியிருக்கிறான்."

அவனுடைய மனைவி பற்றி மட்டும் அப்பா கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கோல்களுக்கு நடுவே அந்தப் பெண் இருந்த இடத்தைச் சுற்றி இருவரும் கவனமாக நடந்தார்கள்.

டிசம்பரில் கிளப் சரியத் தொடங்கியது. நெடுவலுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அப்பா சோறு குறைத்தார். அம்மாவுக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் தகப்பனும் மகனும் பேசிக்கொள்வது இந்தக் கிளப்பால்தான் என்பது தெரியும். எங்கள் பிள்ளையார் கோயில் அப்போது ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில் இருந்தது. அம்மா அங்கே போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினார். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அம்மா கிளப்பின் பெயரைச் சொல்லி, தம்பியின் நட்சத்திரத்தைச் சொன்னார். ஐயர் ஒருகணம் யோசித்தார். பிறகு, அம்மாவுக்கு வெளிநாட்டில் பேரன் பிறந்திருக்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, நீட்டி முழக்கிச் சொல்லி முடித்தார். ஒவ்வொரு வெள்ளியும் இது நடந்தது. கணுக்கால் சுகமானது. கிளப் வெல்லத் தொடங்கியது. அம்மா விபூதியைப் பூசிக்கொண்டு நெடுவலைவிடப் பெரிய வீரராக வீட்டுக்குள் நடமாடினார்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை தம்பி துள்ளிக்கொண்டு பேசினான். "இன்னும் ஒரு மட்ச் வெண்டால் மேலை போயிடுவம் அப்பா. பிறகு நீங்கள் உங்க ரீவியிலேயே பாக்கலாம்."

"ம்" என்றார் அப்பா.

அந்த வாரம் முழுக்க அவர் முகம் சரியில்லை. வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்கு வெளிக்கிட, "உம்மை ஆர் அவங்களுக்காகக் கும்பிடச் சொன்னது?" என்று எரிந்து விழுந்தார். அம்மா தட்டோடு வாசலில் நின்று என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரீவியில் ஆட்டம் வந்துவிட்டால் தம்பி எதைச் சொல்ல போன் எடுப்பான்? அப்பா எதைக் கேட்பார்? "எப்படி இருக்கிறாய் மகனே" என்று கேட்க அவருக்கு வாய் வராது. இரண்டாம் பிரிவில் இருக்கிற வரைக்கும்தான் அவருக்கு மகன். எனக்கு அவர்மேல் வந்த இரக்கத்தில் அன்று வேலைக்குப் போகிற சப்வேயில் கண் கலங்கிவிட்டது.

பிள்ளையார் அம்மாவின் பேச்சைத்தான் கேட்டார். கிளப் வென்று மேலே ஏறியது. தம்பி சொன்ன கதையையெல்லாம் கேட்டுவிட்டு அப்பா அமைதியாகச் சொன்னார், "ஆனால் எங்கட ரீவியில அந்தச் சனல் வராது. நீதான் சொல்லவேணும்."

அந்தச் சனல் வரும். அப்பா வெள்ளிக்கிழமைகளில் அதில்தான் மல்யுத்தம் பார்ப்பார். அம்மா வாயைத் திறக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து அமுக்கினேன்.

புதிய பருவம் தொடங்கியது. ஒரு மணி போன் நிற்கவில்லை. மேலே ஏறிய புதுசை யார் காட்டுவார்கள், முதல் சில வாரங்கள் ரீவியில் அவர்கள் வரவே இல்லை. பிறகு இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய அணி அவர்களுடைய ஊருக்கு ஆடவந்தது. அதைக் காட்டினார்கள். அப்பா ஒருவருடமாகக் காதால் பார்த்த மைதானத்தை அன்று முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார். நெடுவலைக் கண்டதும், "நான் நினைச்சதைவிட மெலிவு" என்றார். கடைசி நேரத்தில் நெடுவல் எழும்பித் தலையால் முட்டி ஒரு கோல் போட, அப்பா முறிந்த முழங்காலை மறந்து எழுந்து நின்றுவிட்டார். பிறகு ரீவியை நிறுத்தி, தலைவாரிக்கொண்டு கதிரையில் போய் உட்கார்ந்தார்.

ஒரு மணிக்குப் போன் வந்தது.

"என்ன மாதிரிப் போச்சு?" என்று அப்பா ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். தம்பி முதலிலிருந்து சொன்னான். அப்பா "ஓ", "அப்பிடியோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கடைசியிலதான் அப்பா, நெடுவலுக்குப் பந்து வந்தது. லெஃப்ட் ஃபுட்டால ஒரு அடி..."

அவனுக்குப் பின்னால் ஒரு பெண்குரல், "நோ, நோ, ஹெட்டர்" என்றது.

"ஓம், தலையாலைதான்" என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது.

"அப்பா, நீங்கள் பாத்தனீங்களோ?" என்றான் தம்பி.

அப்பா திருப்பிக் கேட்டார், "ஆரது பக்கத்தில?"

"அவதான் அப்பா. நான் ஒரு நாளும் மட்சுக்குப் போனதில்லை. எனக்கு உது விளங்கிறதுமில்லை. அவ சின்னனிலை இருந்து தகப்பனோடை போறவ. வந்து எனக்குச் சொல்லுவா. பக்கத்தில இருந்து திருத்துவா. நான் உங்களுக்குச் சொல்லுவன்."

மழைக்குள் நின்று ஒருவருடம் பார்த்ததெல்லாம் அந்தப் பெண். அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து பல்கணிக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். அம்மாவும் அதைத்தான் நினைத்திருக்கவேண்டும், கதவுப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார்.

"போனை அவவிட்டைக் குடு" என்றார் அப்பா.

பிறகு சேர்ட் கொலரைச் சரிசெய்து, குடிவரவு அதிகாரிகளோடு பேசுகிற தன்னுடைய இங்கிலீஷை எடுத்தார். "குட் ஆஃப்ரர்நூன். தெயர் ஃபர்ஸ்ற் கோல்... ஓஃப்சைட், நோ?"

மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு. அதன் பிறகு அவள் அந்த வடக்கத்து இங்கிலீஷில் நடுவரைப் பிடித்துத் திட்டிய திட்டில் எனக்கே பாதி விளங்கவில்லை. அப்பா "யெஸ், யெஸ்" என்று தலையாட்டி, இடையிடையே மொட்டை நின்ற இடம் பிழை என்று கைகளால் காற்றில் வரைந்து காட்டினார். தம்பிக்குப் போன் திரும்பிப் போகவே இல்லை. அவனுடைய போன் கார்ட் முடிந்து லைன் அறுந்தது.

அப்பா ஸ்பீக்கரை நிறுத்தினார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"மருமேளுக்குப் பந்து தெரியும். அந்தக் கலியாணப் படத்தை ஒருக்கா எடும் பாப்பம்."