மருதாணியில் வந்த அம்மை

என் மாமா ஒரு பொய்யர். என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், இன்றைக்கு எங்கள் தெரு மாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டியின் தலைவர், வேட்டி மடிப்புக் கலையாமல் நடக்கிற மனிதர். அவர் சொன்ன ஒரு பொய்யை என் அம்மா சாகும்வரை சுமந்தாள். அந்தப் பொய்யை அவர் என் முகத்தில்தான் வரைந்தார். அதனால் இதை நான்தான் சொல்லவேண்டும்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. அப்பா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நானும் அம்மாவும் மாமா வீட்டில் இருந்தோம். இருந்தோம் என்றால், அம்மா சமைத்தாள், துவைத்தாள், மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். மாமா ஊரில் போய், "தங்கச்சியையும் புள்ளையையும் நான்தான் வச்சிக் காப்பாத்துறேன்" என்றார்.

அம்மா மலையைப் பார்த்ததில்லை. எங்கள் காரைக்காலில் மேடு என்றால் வாய்க்கால் கரைதான். தண்ணீர் வயலில் படுத்துக் கிடக்கும், வாய்க்காலில் நகரும், கடலில் புரளும். அது உயரத்திலிருந்து விழும் என்பதை அவள் ஒரு காலண்டர் படத்தில்தான் பார்த்திருந்தாள். வருஷம் முடிந்த பிறகும் அந்தக் காலண்டரை அவள் கழற்றவில்லை. ஆனி மாதம் ஒரு நாள் மாமா, "குத்தாலத்துல சீசன் நல்லா இருக்காம். வேன் புடிச்சிருக்கேன், நீயும் கெளம்பு" என்றபோது, கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நெசமாவாண்ணே? தண்ணி தலையில விழுந்தா வலிக்குமா?"

அவ்வளவு ஆசை.

மாமாவின் ஆசை வேறு. அவர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. அவருடைய மேலதிகாரி அந்த வாரம் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. எங்கள் ஊர் பாண்டிச்சேரி அரசாங்கத்தைச் சேர்ந்தது, பிராந்தி தாராளமாகக் கிடைக்கும். போலகம் தாண்டி எல்லையைக் கடந்துவிட்டால் ஒரு பாட்டில் வைத்திருந்தாலும் ஜெயில். அருவியில் குளித்துவிட்டு வரும் அதிகாரிக்குக் குளிருமே என்று மாமாவுக்குக் கவலை. வேனின் பின்சீட்டுக்கு அடியில் பழைய புடவைகளில் சுற்றிப் பாட்டில்களை அடுக்கினார்.

எதிர்வீட்டு அக்காவையும் அவள் நாலு வயது மகனையும் அவர்தான் வற்புறுத்திக் கூப்பிட்டார். அந்த அக்காவின் புருஷன் எங்கள் ஊரில் போலீஸ்காரர். போலீஸ்காரர் பெண்சாதி உட்கார்ந்திருக்கிற வண்டியை அதிகம் குடைய மாட்டார்கள் என்று மாமாவுக்கு நினைப்பு. அதுவும் போதாது என்று பிறகு தோன்றியிருக்கிறது. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அரைத்த மருதாணியைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, ஒரு தீக்குச்சியால் என் முகத்திலும் கழுத்திலும் கையிலும் புள்ளி புள்ளியாக வைத்தார்.

"செக்போஸ்ட் போலீஸை ஏமாத்துற வெளையாட்டு. சிரிச்சா நீ தோத்த."

காலையில் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அம்மையோட வெளையாடாதண்ணே, ஆத்தா சும்மா வுடமாட்டா" என்று அவர் காலைப் பிடிக்கப் போனாள். மாமா குரலை உயர்த்தவே இல்லை. "என் வேலை போனா நீ எந்தத் தெருவுல நிப்ப?" என்று மட்டும் கேட்டார்.

காய்ச்சல் என்று சொல்லி என்னைப் பின்சீட்டில் படுக்கவைத்து முகம் மறையப் போர்த்தினார்கள். எதிர்வீட்டுப் பையனுக்கு நான் என்றால் உயிர். போர்வைக்கு மேலே என் காலைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனான். எங்களுக்கு அடியில் பிராந்தி.

செக்போஸ்டில் வேன் நின்றது. மாமா சட்டென்று போர்வையை விலக்கி, என் முகத்தில் மஞ்சளைத் தேய்த்து, பைக்குள் மறைத்து வைத்திருந்த வேப்பிலையை என்மேல் பரப்பினார். கதவைத் திறந்த போலீஸ்காரரிடம் கைகூப்பினார்.

"புள்ளைக்கு அம்மை போட்டிருக்குங்க."

கிட்டே வந்து பார்த்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அம்மை கண்ட முகத்தை யார் கிட்டே வந்து பார்க்கிறார்கள்? அதுதான் மாமாவின் மூளை. போலீஸ்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "போங்க போங்க" என்றார். நான் சிரிக்கவில்லை. ஜெயித்துவிட்டேன்.

வேன் நகர்ந்ததும் எதிர்வீட்டு அக்கா மகனைப் பிடுங்கி இழுத்தாள். "ஏண்ணே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எம்புள்ள அது காலுலதானே கெடந்தான்!"

"ராத்திரிதாம்மா போட்டுச்சு. அருவித்தண்ணி பட்டா எறங்கிடும்னு வைத்தியர் சொன்னாரு."

அவள் என் அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்துகொண்டாள். போலீஸ்காரர் பெண்சாதியிடம் உண்மையைச் சொல்ல முடியுமா?

இவ்வளவு யோசித்த மாமா ஒன்றை யோசிக்கவில்லை. மருதாணி கழுவினால் போகாது. எல்லையைத் தாண்டியாகிவிட்டது, ஆனால் எனக்கு அம்மை மட்டும் இறங்கவில்லை. அம்மை கண்ட பிள்ளை அருவியில் கூட்டத்தோடு குளிக்கக்கூடாது. பிள்ளையோடு தாயும் இருக்கவேண்டும். குற்றாலத்தில் மூன்று நாளும் நானும் அம்மாவும் ஒரு வாடகை வீட்டின் மாடி அறையில் கிடந்தோம்.

அருவி அந்த அறையிலிருந்து தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும், நிற்காமல். ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கக் காடு. எத்தனை விதப் பச்சை என்று எண்ணிப் பார்த்து விட்டுவிட்டேன். மேகம் இறங்கி மரங்களை மூடும், கொஞ்ச நேரத்தில் விலகும், மரங்கள் சொட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் ஊரில் அப்போது வயல் வெடித்துக் கிடந்தது. மற்றவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய், ஈரத் தலையோடு நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். காட்டுக்குள் இருக்கிற அருவிக்கு ஏறிப்போய், காலில் அட்டை கடித்ததைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா எங்கள் அறைப் பக்கமே வரவில்லை. மாமா மட்டும் வாசலில் நின்று, "என்னா தண்ணி! யானை மிதிக்கிற மாதிரி வுழுவுது" என்று அம்மாவிடமே சொன்னார்.

கடைசி நாள் அம்மா ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிச் சாரலில் பிடித்தாள். கை நனைந்ததும் என் முகத்தைத் தேய்த்தாள். மறுபடி நீட்டினாள், மறுபடி தேய்த்தாள். வெகுநேரம் அதையே செய்தாள். அம்மா என்னைக் கொஞ்சுகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பிப் பத்து நாளில் எதிர்வீட்டுப் பையனுக்கு நிஜ அம்மை கண்டது. எங்கள் ஊர்க் கருக்களாச்சேரிப் பக்கம், நாங்கள் குற்றாலம் போவதற்கு முன்பே, அந்தக் கோடையிலேயே அம்மை இருந்தது. எங்கிருந்து வந்ததோ. பிழைத்தான், ஒரு கண் போய்விட்டது.

தெருக்குழாயில் அம்மாவைக் கண்டால் குடத்தை நகர்த்தினார்கள். "புள்ளைக்கு ஆத்தா வந்திருக்கையில அருவி பாக்கப் போனா பாரு" என்று காதுபடப் பேசினார்கள். எதிர்வீட்டு அக்கா நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். அப்போது மாமா வெளியே வந்தார். காப்பாற்றப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது:

"நான் வேணாம்னுதான் சொன்னேன். தங்கச்சிதான் அருவி பாக்கணும்னு அடம் புடிச்சுது."

அம்மா வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றியதற்கு மாமா என்னைத் தட்டிக்கொடுப்பார் என்று அவர் பக்கத்தில் போய் நின்றேன். தட்டிக்கொடுத்தார்.

மாமாவுக்குப் பதவி உயர்வு வந்தது. அம்மா வருஷா வருஷம் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தாள். வேஷம் போட்டதற்கு ஆத்தாளிடம் மன்னிப்பு. குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று ஊர் எடுத்துக்கொண்டது. அவள் கையில் காப்பு கட்டியவர்களில் மாமாவும் உண்டு. அவள் செத்தபோது எதிர்வீட்டு அக்கா தெருவைத் தாண்டி வரவில்லை. குற்றாலத்துக்குப் போய்வந்தவள் என்று பெயர். அருவியை அவள் கடைசிவரை பார்க்கவே இல்லை.

அந்த ஜன்னலில் அவள் என்னைக் கொஞ்சவில்லை. அந்தப் புள்ளிகளை அழிக்கப் பார்த்தாள். எட்டு வயதில் எனக்கு அது தெரியவில்லை. விளையாட்டில் ஜெயித்துவிட்டேன் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா, இந்த வருஷமும் காப்புக் கட்டுகிற அன்று மைக்கைப் பிடித்துப் பேசுவீர்கள். ஆத்தாளின் மகிமையைப் பிறகு பேசலாம். முதலில் அந்த வேனைப் பற்றிப் பேசுங்கள். சீட்டுக்கு அடியில் என்ன இருந்தது, என் முகத்தில் இருந்தது அம்மையா மருதாணியா, அருவிக்கு அடம் பிடித்தது யார் என்று தெரு கேட்கச் சொல்லுங்கள். எதிர்வீட்டுப் பையன் வழக்கம்போல் முன்னால்தான் நிற்பான். அவனுக்குப் பார்வை இருக்கிற பக்கமாகத் திரும்பி நின்று சொல்லுங்கள்.