அண்டாவில் வளைந்த கண்ணாடி

முந்தின வருடத் திருவிழா மழையில் மாதாவின் நீல அங்கி சாயம் கரைந்து தேர்ப்பலகையில் வழிந்தது. இந்த முறை கண்ணாடிக் கூண்டு இல்லாமல் சுரூபம் கோயிலை விட்டு வெளியே வராது என்று சபைப் பெரியவர் சொல்லிவிட்டார். எங்கள் தீவுக்கு மெயின்லேண்டிலிருந்து தருவித்த வளைந்த கண்ணாடி கப்பலிலேயே நொறுங்கியது. படகுப் பட்டறையில் வேலை பார்த்த என் அண்ணன், "பிளாஸ்டிக் கண்ணாடில நான் வளைச்சுத் தாரேன்" என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். அவரிடம் இருந்தது, படகுக்கு வாங்கியதில் மிஞ்சிய ஒரே தகடு.

வளைக்க அச்சு வேண்டும். லம்பா லைன் குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டு மதுரைக்கார அக்காவிடம் சீதனப் பித்தளை அண்டா இருந்தது.

"சொட்டை விழுந்துச்சு, ஒங்க மாதாகிட்டயே வந்து கேப்பேன் தம்பி" என்று கொடுத்தார்.

திருவிழா அன்று காலை, பேக்கரியில் ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிஞ்சிய சூட்டில், மாவு தூவிய தட்டில் தகட்டை வைத்தோம். சிறிது நேரத்தில் அது ஈரத்தோல் போலத் தொய்ந்தது. கையில் சாக்குச் சுற்றிக்கொண்டு அண்ணனும் நானும் அதைத் தூக்கி, படுக்கவைத்த அண்டாமேல் போர்த்தி, கம்பளியால் அழுத்திப் பிடித்தோம்.

ஆறியதும் எடுத்தோம். அழகான அரைவட்டம். அதன் நடுவே, புள்ளி புள்ளியாக, அக்காவின் பெயர். பாத்திரக்கடையில் வெட்டிய எழுத்து அப்படியே பதிந்திருந்தது. அண்டாவுக்குத் துணி சுற்ற மறந்துவிட்டோம்.

திரும்பச் சூடாக்கினால் தகடு தட்டையாகிவிடும், புதிதாக வளைக்கலாம். ஆனால் பேக்கரிக்காரர் அடுத்த மாவை உள்ளே தள்ளியிருந்தார். "நஹி பாய், ஷாம் கோ ஆவோ" என்று சாயங்காலம் வரச் சொன்னார். சாயங்காலம்தான் பவனி.

அக்கா வந்து முதலில் அண்டாவைத் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார்.

"யாத்தி! ரேஷன் கார்டுலகூட எம்பேரு இம்புட்டுத் தெளிவா இல்லையே!"

பெரியவர் மூக்குக்கண்ணாடி மாட்டி எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"உபயமா? டியூப்லைட்டு குடுத்தவன் வெளிச்சமே தெரியாம பேரெழுதுதான். இது அடக்கமாத்தான இருக்கு."

"இல்ல பெரியவரே, அவுக அண்டாதான் குடுத்தாக" என்றார் அண்ணன்.

"அண்டா இல்லன்னா இது எப்படிலே வளையும்? அந்தப் பிள்ளைய முன்னால நடக்கச் சொல்லு."

தேர் வீதிக்கு வந்ததும் மழை கொட்டியது. கூண்டுக்குள் நீல அங்கி நனையாமலே இருந்தது. தெப்பமாக நனைந்த அக்கா, பெயரை வாசித்துத் திரும்பிய ஒவ்வொருவரிடமும் கேட்காமலே சொன்னார்: "நாந்தேன்."