கோபுரத்துக்கு நட்ட கம்பங்கள்

நான் நகரமுதல்வராகத் தெரிவான அன்று, கோயிலுக்கு வந்த எல்லாருக்கும் அப்பா லட்டு கொடுத்தார். இப்போது லட்டைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கள் கோயில் ஒரு பழைய அச்சுக்கூடக் கட்டடம். ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் குளிர்பானக் கிடங்கு. வெள்ளிக்கிழமைகளில் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துத்தான் உள்ளே சாமி இருப்பது தெரியும். அதற்கு ஒரு கோபுரம் வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பெரிதாக ஒன்றுமில்லை, ரயிலில் வருகிறவர் கண்ணில் பட்டால் போதும் என்பார். கட்டடக் கலைஞராக இருந்த காலத்தில் பள்ளிக்கூடங்களும் முதியோர் இல்லங்களும் எத்தனையோ வரைந்திருக்கிறேன். கோபுரத்தை மட்டும் அழித்து அழித்துக் கீறினேன்.

நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் எதைக் கட்டுவதானாலும் முதலில் அதன் உயரத்துக்கு மெல்லிய கம்பங்களை நட்டு ஊருக்குக் காட்ட வேண்டும். யார் வீட்டு வெயில் மறையும், யார் வீட்டு மலைக்காட்சி மறையும் என்று எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். பிடிக்காதவர்கள் எதிர்ப்பு எழுதுவார்கள். நல்ல வழக்கம்தான். கோபுரத்துக்கும் கம்பங்கள் ஏறின. அயலவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள், படத்தைக் காட்டி விளக்குங்கள் என்று கோயில் தலைவரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. எங்கள் ஆட்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள், ஆனால் கொண்டுபோனது கோபுரத்தின் படத்தையல்ல, என் படத்தை. டயர் கடைக்காரருக்கும் என் சிரித்த முகம்தான் கிடைத்தது. அப்பா ஆலங்கட்டி மழையில் ரயில் நிலையத்தில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தார். நான் வென்றேன். அயலவர்களுக்குச் சோறு போடும் யோசனையைத் தலைவர் அத்தோடு கைவிட்டார்.

"இனியென்ன, எங்கட பிள்ளை மேலே இருக்குத்தானே!"

"அண்ணை, நான் இருக்கிறதுதான் பிரச்சினை. நான் கீறினதுக்கு நானே அனுமதி குடுக்கேலாது. அந்த நேரம் நான் எழும்பி வெளியில போக வேணும்."

அவர் கண்ணைச் சிமிட்டினார். "ஓம் ஓம், வெளியில அப்பிடித்தான் சொல்ல வேணும்."

என்ன சொல்லியும் அந்தச் சிமிட்டலை என்னால் அழிக்க முடியவில்லை. பதவிக்கு வந்ததும் என் கட்டடக்கலை அலுவலகத்தைத் தொழில் கூட்டாளியிடம் ஒப்படைத்தேன். எதிர்ப்பு எழுதியவர்களோடு பேசும் கூட்டத்துக்கு அவன்தான் போனான். கோபுரம் ஏன் மேலே போகப் போக ஒடுங்குகிறது என்று கேட்டார்களாம். கூரை அலங்காரம் என்றானாம், பாவி.

நகரசபையில் அந்த விடயம் வந்தபோது துணைத்தலைவரிடம் நாற்காலியைக் கொடுத்துவிட்டு வெளியே போனேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் திரையில் என் கோபுரம் தெரிந்தது. யாரோ அதன் உச்சியைச் சுட்டி எதையோ கேட்டார், மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். இந்த நகரத்தில் அதற்காகப் பேசத் தெரிந்த ஒருத்தி காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வாய் பொத்தி நின்றாள். கதவு திறந்தது. அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. அடுத்த விடயம் கழிவுநீர்க் குழாய். நான் தலைமை தாங்கினேன்.

மறுநாள் கோயிலுக்குப் போனபோது கம்பங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ கதைச்சனியோ?"

"இல்லையப்பா. வெளியில நிண்டனான்."

"மேயராகாமல் இருந்திருந்தால்?"

"அயலாக்களோட இருந்து கதைச்சிருப்பன்."

அவர் கழற்றிய கம்பங்களை எடுத்து ஓரமாக அடுக்கத் தொடங்கினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மழையில் நனைந்து என்னை வெல்ல வைத்து, தன் கோபுரத்துக்குத் தானே குறுக்கே நின்றுவிட்டதாக அவர் நினைத்திருப்பார்.

இப்போது மறுபடியும் முயல்கிறார்கள். உயரம் குறைந்த கோபுரம், பாசல் நகரத்திலிருந்து வேறொரு கட்டடக் கலைஞர். இம்முறை டயர் கடைக்காரர் வந்து வடையும் சாப்பிட்டுவிட்டார். போன வெள்ளிக்கிழமை அப்பா புதுப் படத்தைக் கோயில் தரையில் விரித்து வைத்திருந்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்தது, அடிப்பாகம் ஒடுக்கம். கட்டி முடித்தால் புகைக்கூண்டு போல நிற்கும். குனிந்து விரலை நீட்டினேன். அப்பா படத்தைச் சுருட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. உன்ர கை பட்டால் இது எழும்பாது."

குரலில் கோபமே இல்லை. அவர் பயந்துபோயிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு சாமிக்கு முன்னால் போய் நின்றேன். அடிப்பாகம் ஒடுக்கம் என்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.