ஐந்து காகிதங்களும் ஒரு ராப் பாடகனும்

இந்த நாட்டில் ஒருவன் இன்னார்தான் என்று நிரூபிக்க எரிவாயு ரசீது ஒன்று போதும். தாசில்தார் வேண்டாம், பச்சை மையில் சான்றொப்பம் வேண்டாம். கிழக்கு லண்டனில் எங்கள் தெருமுனை நூலகத்தில் உறுப்பினராகச் சேரப் போனபோது, கவுன்டரில் இருந்த பெண் அதைத்தான் கேட்டாள். நான் பாஸ்போர்ட், ஓய்வூதிய ஆணை, பட்டச் சான்றிதழ் எல்லாவற்றையும் மூன்று நகல்களுடன் கோப்பில் அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். ரசீது மட்டும் மகன் பெயரில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் தாலுக்கா அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவைப் பார்த்தவன் நான். நீ பிறந்தது உண்மைதான் என்று ஊருக்கெல்லாம் சான்று கொடுத்தவன், லண்டனில் இருப்பதற்குச் சான்றில்லாமல் நின்றேன்.

திரும்பும்போது சுவரில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன். 'வடக்கு' என்று பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டு, தொப்பியுடன் ஒருவனின் முகம். சனிக்கிழமை நான்கு மணிக்கு நூலகத்தில் பாடிப் பேசுகிறானாம். "இவரை எனக்குத் தெரியும். 1991இல் இவருடைய கோப்பு என்னிடம்தான் இருந்தது" என்றேன். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "ஓ, நீங்கள் அவருடைய சோஷியல் வொர்க்கரா?" என்று கேட்டாள். குழந்தையின் பெயரில் கோப்பு என்றாலே இங்கே ஏதோ துயரம் என்று பொருள். அதைவிட மோசம் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அவனுடைய பணிப்பதிவேட்டை நான் மனப்பாடமாகச் சொல்வேன். இயற்பெயர் ஜெயசீலன். வடக்குப்பட்டில் பிறந்தவன். ஒன்பது வயதில், நடுக்குளிர்காலத்தில், பள்ளி ஆண்டின் பாதியில் லண்டன் வந்து சேர்ந்தான். பாதியில் வந்தவனை எந்த வகுப்பும் ஏற்கத் தயங்க, கடைசி வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அங்கே ஜமைக்கா வம்சத்துப் பையன்கள் இருவர் மேசையைத் தட்டி இவனுக்கு ராப் சொல்லிக் கொடுத்தார்கள். பதினாறு வயதில் மாடிக் குடியிருப்பிலிருந்து திருட்டுத்தனமாக ஒலிபரப்பிய வானொலியில் பேச்சு. பிறகு வீட்டில் பதிந்த கேசட்டுகள், முதல் ஆல்பம், பெரிய பரிசு ஒன்றின் இறுதிப் பட்டியலில் பெயர், இப்போது பள்ளிகளில் சிறப்புச் சொற்பொழிவு. இடையில் ஒரு துறைத் தேர்வுகூட எழுதவில்லை. நான் ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் தேர்வு எழுதினேன். என் மகன் வேலைக்குப் போகும்போது காரில் அவன் பாட்டைத்தான் போடுகிறான், வரிக்கு வரி கூடவே சொல்கிறான். நான் சொல்லிக் கொடுத்த ஒரு செய்யுளையும் அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

1991இல் எனக்கு முப்பத்தெட்டு வயது. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. லண்டன் தெருக்களை வரைபடத்தில் விரல் வைத்தே நடந்து பழகியவன். அரசு ஊழியன் பாஸ்போர்ட் வாங்கத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். என் விண்ணப்பம் மாவட்ட அலுவலகத்தில் இரண்டாவது ஆண்டாகப் படுத்துக் கிடந்தது. அங்கிருந்து ஒரு விளக்கம் கேட்பார்கள், கொடுப்பேன். இரண்டு மாதம் கழித்து வேறொன்று கேட்பார்கள். எங்கள் ஊரில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு ஊர்ப் பெயரைப் பார்த்தாலே எந்த மேசையிலும் காகிதத்தை இரண்டு முறை புரட்டினார்கள்.

அந்த ஜூனில்தான் தேவசகாயம் வந்தார். மறைமலை நகரில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் டர்னர். எட்டாம் வகுப்பு. மனைவி ரோஸ்மேரி நர்ஸ். லண்டன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து முன்னாலேயே போய்விட்டாள். கணவனும் மகனும் சேர்ந்துகொள்ள வேண்டும். பையன் வீட்டிலேயே பிறந்தவன், பிறப்பைப் பதியவில்லை. பதிவேட்டில் இல்லை என்று நான் சான்று கொடுத்தால்தான் கோர்ட்டில் உத்தரவு வாங்கி, பிறப்பைப் பதிந்து, பாஸ்போர்ட்டுக்குப் போக முடியும்.

குறைகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்க வேண்டும் என்பது நடைமுறை. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் கோயில் ஞானஸ்நானப் பதிவின் நகல். அது வந்ததும் ரேஷன் கார்டு நகல். பிறகு பிரசவம் பார்த்தவளின் வாக்குமூலம். பிறகு கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை. ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று வாரம். என் பேனா விதியைத் தாண்டவில்லை, சுற்றி நடந்தது.

"இன்னும் இன்னா சார் வேணும்? ஒரே தபா சொல்லிடுங்க சார், எல்லாத்தையும் எத்துகினு வந்துர்றேன். ஷிப்ட்டு மாத்திகினு வர்றேன், சூப்பர்வைசர் திட்றான் சார்" என்பார் தேவசகாயம்.

"பரிசீலனையில் இருக்கிறது. அடுத்த வாரம் வா" என்பேன்.

நான்காவது காகிதம் கொடுக்க வந்த அன்று பையனையும் கூட்டிவந்தார். கோப்பை மூடிக் கையெழுத்துப் போட நான் தயாராகத்தான் இருந்தேன். பையன் மேசை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு, "எங்கம்மா லண்டன்ல கீறாங்க. நீ லண்டன் போய்கீறியா சார்?" என்று கேட்டான். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். பேனாவை மூடினேன். அக்கம்பக்கத்தார் இருவரின் உறுதிமொழி வேண்டும் என்று ஐந்தாவதாகக் கேட்டேன். அது எந்த விதியிலும் இல்லை. நவம்பரில்தான் கையெழுத்துப் போட்டேன். தேவசகாயம் இரண்டு கையாலும் கும்பிட்டார்.

சனிக்கிழமை நூலகத்தில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். இவன் என்னால் வந்தவன் என்று யாராவது சொல்லிக் கேட்க ஆசை. கவுன்டருக்குப் பின்னால் இருந்த ஒரு மனிதனைப் பற்றி ஜெயசீலன் ஒரு பாட்டு சொன்னான். ஒரு காகிதம், இரண்டு காகிதம் என்று எண்ணி நிறுத்த, கூட்டம் விரல்களை உயர்த்தி மிச்சத்தைக் கத்தியது. ஐந்து என்றதும் கூரை அதிர்ந்தது. நான் கை தட்டவில்லை. அரசு ஊழியன் தன் நடைமுறைக்குத் தானே கை தட்டுவது நடத்தை விதிகளுக்கு விரோதம்.

முடிந்து எழுந்தபோது முதல் வரிசைக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

"சாரே! தாலுக்கா ஆபீஸ் சார்தானே நீங்க? இன்னா சார், இம்மாம் எளைச்சிட்டீங்க!"

"தேவசகாயமா?"

"நானேதான் சார். ரோசுக்கு முட்டி வலி, வூட்ல கீது. டேய் சீலா, இங்க வாடா! இவருதான் சாரு. இவரு கையெய்த்து போடலன்னா நீ இன்னிக்கு வடக்குப்பட்டு கம்பெனி கேட்ல செக்யூரிட்டிடா!" என்னிடம் குனிந்து சொன்னார்: "இவன் பாட்டு எனக்கு ஒண்ணும் வெளங்காது சார். ரயிலு மாதிரி போவுது. ஜனம் சிரிக்க சொல்லோ நானும் சிரிப்பேன்."

ஜெயசீலன் என்னையே பார்த்தான். அவன் தமிழ் ஒன்பது வயதில் நின்றுபோன தமிழ். "அந்த கவுன்டர் ஆளு நீதானா?"

பேசாமல் வந்திருக்கலாம். அவன் அப்பாவின் கண்ணில் எனக்கு இருந்த மரியாதைதான் இந்த நாட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதை. அதை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"தேவசகாயம், அஞ்சு காகிதத்தையும் முதல் நாளே கேட்டிருக்கணும். வேணும்னேதான் ஒவ்வொண்ணா கேட்டேன். அஞ்சாவது தேவையே இல்லை."

"தெர்யும் சார்."

"யார் சொன்னது?"

"உங்க ஆபீஸ் டபேதாரு. 'சாருக்கு லண்டன் போவணும்னு ஆசை, மேல இருந்து உட மாட்டேன்றாங்க, அந்தக் கடுப்பு உன் மேல எறங்குது'ன்னாரு."

"பிறகு எதுக்கு என்னைக் கும்பிட்டே?"

"பெட்டிஷன் போட்டா இன்னும் ஆறு மாசம் இஸ்துகினு போவும். கும்புட்டா மூணு வாரம். எது சார் பெட்டரு?"

"அப்பா, என்னாண்ட ஏன் சொல்லல?" என்றான் ஜெயசீலன்.

"சொல்லியிருந்தா நீ அன்னிக்கே சாரு மேல கல்லு உட்டிருப்ப."

அப்பனும் மகனும் சிரித்தார்கள். எல்லா நடைமுறையும் அறிந்தவன் என்று என்னை நானே நினைத்திருந்தேன். நான் வைத்திருந்த நடைமுறையை ஒரு டர்னர் என்னைவிட நன்றாகப் படித்து, எது குறுக்குவழி என்று கணித்து, அதற்கு நன்றி என்றும் பெயர் வைத்திருந்தார். மகனைப் பார்த்து முப்பது ஆண்டு பொறாமைப்பட்டவன், அன்று அப்பனையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார்கள். ஓட்டிக்கொண்டே ஜெயசீலன் கேட்டான்: "எங்க ஏரிக்குக் கீய வயலு, அப்டியேதான கீது?" அங்கே இப்போது கம்பெனி மதிலும் கேட்டும் இருக்கின்றன, கேட்டில் நிற்பவர் இந்தி பேசுகிறார் என்றேன். அவன் நம்பவில்லை. "இல்ல, வயலுதான். நான் பாத்துகீறேன்" என்றான். தேவசகாயம் என் தொடையில் தட்டி, விட்டுவிடுங்கள் என்பது போலத் தலையசைத்தார்.

விட்டுவிட்டேன். அவன் ஊரில் வயல் அப்படியே இருக்கட்டும். ஊர்ப்பக்கம் தண்டலத்தில் என் வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள், வீட்டுக்காரரின் முகம் அவர்களுக்குத் தெரியாது. தாலுக்கா அலுவலகத்தில் என் பெயரைச் சொன்னால் எந்த ஆண்டு ஓய்வு என்று கேட்பார்கள். நான் இன்னும் பணியில் இருப்பது இவன் பாட்டில் மட்டும்தான். அங்கே எனக்கு முடி கறுப்பாக இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, என் கையெழுத்துக்காக வரிசையில் நிற்கிறார்கள். வைப்பரின் இரண்டு வீச்சுகளுக்கிடையே ஈரத் தெருக்கள் வந்து வந்து போயின. அந்த நாற்காலியில் இருப்பவனை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அவன் இன்னும் லண்டனைப் பார்க்கவில்லை.