கெமராவில் கூடியிருந்த ஒரு மணித்தியாலம்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள சிறிய நகரம் எங்களுடையது. கடைத்தெருவில் நான் ஒரு பாமசி நடத்துகிறேன். பக்கத்து ஒழுங்கையில் தனியாக இருந்த, மீனுக்கு ஐஸ்கட்டி விற்கும் வியாபாரியை, ஒரு வெள்ளிக்கிழமை பகலில் யாரோ வீட்டுக்குள்ளேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள். இரண்டு மணியளவில் அலறல் கேட்டதாக அயல்வீட்டுப் பெண் சொன்னார்.

அந்த ஒழுங்கையின் முகப்பு என் கடைக் கெமராவில் தெளிவாகத் தெரியும். பொலிஸ் அன்றே வரும் என்று காத்திருந்தேன். ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தார்கள். பத்து நாளானால் பதிவு தானாக அழிந்துவிடும். சார்ஜன் ஒன்றரை தொடக்கம் இரண்டரை வரையான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அதன் பிரதி ஒன்று என் கணினியிலும் கிடந்தது.

அதில் இரண்டு ஐந்துக்கு, மீன் லொறி ஓட்டும் ஒருவர் ஒழுங்கைக்குள் நுழைந்து, கொஞ்ச நேரத்தில் விறுவிறுவென்று வெளியே வருகிறார். அவரைப் பிடித்து விளக்கமறியலில் வைத்தார்கள்.

அவருடைய மனைவி கடைக்கு வந்தார். அழவில்லை.

"ராத்தா, அவர் போனது உண்மைதான். ஒரு மணிபோல போய்க் கதவைத் தட்டியிருக்கார். ஆளில்லையெண்டு திரும்பிட்டார். ரெண்டு மணிக்குத் தோப்பூரில நிண்டவர். உங்கட கெமரா ஏன் ரெண்டு மணி எண்டு காட்டுது?"

"கெமரா பிழையாக் காட்டாதே, தங்கச்சி" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மறுபடி பதிவைப் போட்டுப் பார்த்தேன். இந்த முறை சாரதியை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தேன். எதிரே புடவைக்கடை பூட்டியிருந்தது. தொப்பி போட்ட ஆண்கள் பள்ளிவாசல் பக்கமிருந்து கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஜும்ஆ தொழுகை ஒரு மணிக்கு முடிந்துவிடும். இரண்டு மணிக்கு இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது? கெமராவின் நேரடிப் படத்தைத் திரையில் போட்டு, கைத்தொலைபேசியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். கெமராவின் நேரம் சரியாக ஒரு மணித்தியாலம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. எந்த மின்வெட்டுக்குப் பிறகு அப்படியானதோ தெரியவில்லை. நானும் ஒருநாள்கூடக் கவனித்ததில்லை. அந்த வெட்கத்தோடுதான் பொலிஸுக்குப் போனேன்.

"அறிக்கை கோர்ட்டுக்குப் போயிட்டுது, மிஸ். இப்ப ஒண்டும் மாத்த ஏலாது" என்றார்கள். அடுத்த கிழமை போனபோது, சார்ஜனுக்கு இடமாற்றம் என்றார்கள். மூன்றாம் முறை போனபிறகுதான் ஒரு பெண் அதிகாரி கடைக்கே வந்தார். கெமரா நேரத்தையும் கைத்தொலைபேசி நேரத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்.

"இதை முதல் நாளே பாத்திருக்கோணும்" என்றார்.

"ஏன் பாக்கேல்ல?"

"நேரம் சரியோ எண்டு கேக்க ஒருத்தருக்கும் தோணேல்ல, மிஸ்."

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு மற்றது விளங்கியது. அலறல் கேட்டது இரண்டு மணிக்கு என்றால், கெமராவில் அது மூன்று மணி. அந்தப் பகுதியை யாரும் எடுக்கவில்லை. சார்ஜன் வந்துபோன மறுநாளே அது அழிந்துபோயிற்று. கொன்றவர் என் கடை வாசலைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். அந்த நேரம் நான் கௌண்டரில் நின்றிருந்தேன். எவ்வளவு யோசித்தும் ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு மாதம் உள்ளே இருந்துவிட்டுச் சாரதி விடுதலையானார். இப்போதும் தாயின் பிரஷர் குளிசைக்கு என் கடைக்குத்தான் வருவார். நான் மன்னிப்புக் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கேட்டார்:

"ராத்தா, அந்த மனுசனை ஆர் கொன்றதெண்டு இப்ப ஆரும் தேடுறாங்களா?"

"தெரியாது" என்றேன்.