ஸ்லோ குக்கரும் ஒரு திரைச்சீலையும்

போன வருடம் ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. குன்னூரிலிருந்து ஜெகதளா போகிற பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. அன்று காலையில்தான் சர்ச்சில் எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் முடிந்திருந்தது. கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை அவள். அதனால் சாயங்காலம் வீட்டில் ஒரு பார்ட்டி வைத்திருந்தோம். சொந்தக்காரர்கள், என் எஸ்டேட் ஆபீஸ் ஆட்கள், குந்தாவில் என் கணவரோடு வேலை பார்ப்பவர்கள் என்று ஹால் நிறையக் கூட்டம்.

பிரியாணிக்குக் கடையில் சொல்லியாயிற்று. ஆனால் வந்தவர்கள் உட்கார்ந்து பேசும்போது கொறிக்க ஏதாவது என் கையால் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்று மரியாதையாகச் சொல்கிறேன், உண்மையில் பீற்றிக்கொள்ளும் அரிப்பு. கொஞ்ச நாள் முன்புதான் ஆன்லைனில் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கியிருந்தேன். பீங்கான் பானை, கண்ணாடி மூடி, சுற்றிலும் மின்சாரச் சூடு. எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டால் அது பாட்டுக்கு மணிக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம். வெளிநாட்டுக்காரர்கள் பார்ட்டி என்றாலே இதில் குட்டி சாசேஜ்களைப் போட்டு, திராட்சை ஜெல்லியும் சில்லி சாஸும் ஊற்றி, பல்குச்சி குத்திப் பரிமாறுகிறார்கள் என்று வீடியோக்களில் பார்த்து வைத்திருந்தேன்.

குன்னூர் கோல்டு ஸ்டோரேஜ் கடையில் குட்டி சாசேஜ் கிடைத்துவிட்டது. திராட்சை ஜெல்லிக்கு எங்கே போவது? வீட்டில் நானே காய்ச்சிய பிளம்ஸ் ஜாம் இரண்டு பாட்டில் இருந்தது. அதைக் கொட்டினேன். தக்காளி சாஸ், நசுக்கிய மலைப்பூண்டு, மிளகாய்த்தூள், ஒரு கட்டி வெல்லம். கடைசியில் கை சும்மா இருக்காமல் நாலு கரண்டி தேனும் விட்டேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது சாசேஜா, பாயசமா?" என்றார். பொறாமை என்று சொல்லி விரட்டிவிட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கரடி நடமாட்டம் உண்டு. எண்ணெய், வெல்லம், பழம் என்று எந்த வாசனை பிடித்தாலும் தேடி வந்துவிடும். அதனால் அடுப்பில் ஏதாவது இருந்தால் யாராவது ஒருவர் அடுப்படியில் நிற்போம். ஆள் நகர்ந்தால் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் விழும். இது யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை, பல் விளக்குவது மாதிரி கை தானாகச் செய்யும். அன்று மட்டும் அந்தக் கை வேலை செய்யவில்லை. ஏனென்றால் எங்கள் கணக்கில் அடுப்பே எரியவில்லை. நெருப்பு இல்லை, கொதிக்கிற சத்தம் இல்லை, மேடை ஓரத்தில் ஒரு டப்பா மட்டும் உட்கார்ந்திருந்தது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவர் வேர்த்து ஒழுகும். ஆவி வெளியே போகட்டும் என்று நானே பின்கதவை ஒருக்களித்துத் திறந்து வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். மத்தியானத்திலிருந்து அந்த ஜாமும் தேனும் பூண்டும் சேர்ந்த வாசனை தேயிலைக் காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கரடிக்குப் பத்திரிகை அடித்துக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு தெளிவாக வழி சொல்லியிருக்க முடியாது.

அடுப்படியை ஒட்டி ஒரு சின்ன அறை இருக்கிறது. அதற்கு வாசல் அடுப்படிக்குள்தான், வேறு வழி கிடையாது. ஜன்னலுக்கும் கம்பி. அடுப்புச் சூட்டில் கதகதப்பாக இருக்கும் என்பதால் பாப்பாவின் தொட்டிலை அங்கேதான் போட்டிருந்தோம். அந்த வாசலுக்குக் கதவு இருந்தது. மழை ஈரத்தில் மரம் உப்பிப்போய்ச் சாத்தவே வராது, அதனால் கழற்றி வைத்துவிட்டு ஒரு திரைச்சீலை மட்டும் தொங்கவிட்டிருந்தோம்.

அன்று கூட்டத்தில் கைமாறிக் கைமாறி பாப்பா சிணுங்க ஆரம்பித்தாள். "குடுங்கக்கா, நான் தூங்க வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனது என் கொழுந்தனாரின் மனைவி. கல்யாணமாகி சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சேரம்பாடிப் பெண். அவளுடைய அம்மா, அப்பா அங்கே தேயிலை எஸ்டேட்டில் வேலை. இவள் படித்து ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். நான் பத்து வார்த்தை பேசினால் அவளிடமிருந்து ஒன்று வரும், அதுவும் பாதி சிரிப்பாக வரும். நல்ல பெண் என்று தெரியும், அதற்குமேல் அவளை எனக்குத் தெரியாது.

வெளியே மூடுபனி இறங்கி ஆறு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஹாலில் நான் ஸ்லோ குக்கரின் மகிமையை ஆபீஸ் தோழிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "எடுத்துட்டு வாங்க, பாப்போம்" என்றார்கள். தட்டும் பல்குச்சியுமாக எழுந்து போய் அடுப்படிக் கதவைத் திறந்தேன்.

மேடையில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு பெரிய கரடி நின்றிருந்தது. கண்ணாடி மூடி கீழே கிடந்தது. அதன் மூக்கு என் பானைக்குள் இருந்தது. அதற்கும் அந்தத் திரைச்சீலைக்கும் நடுவில் ஒரு நாற்காலி போடுகிற இடம்தான்.

நான் கத்தினேனா என்று கூட ஞாபகமில்லை. பின்னால் வந்த என் கணவர் என்னை இழுத்து, கதவைச் சாத்தினார். "ஏனுங்க, பாப்பா உள்ள இருக்குதுங்க! பாப்பா உள்ளதானுங்க!" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியது மட்டும் நினைவிருக்கிறது. அவ்வளவுதான், வீடு கலைந்தது. தட்டை எடுத்துத் தட்டுங்கள் என்றார் ஒருவர். பட்டாசு இருக்கிறதா என்றார் இன்னொருவர். என் கணவரும் கொழுந்தனாரும் டார்ச்சோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள். அவர்களோடு நாலைந்து பேர் கம்பும் கையுமாக ஓடினார்கள். உள்ளே இருப்பது ஒருவருக்கு மனைவி, ஒருவருக்கு மகள். யார் சும்மா நிற்பார்கள்?

அப்போது என் போன் அதிர்ந்தது. உள்ளே பாப்பாவோடு இருந்தவளிடமிருந்து மெசேஜ்.

"அக்கா, பின்னால நிக்கிறவங்கள போகச் சொல்லுங்க. டார்ச் அடிக்க வேண்டாம். ஒச்ச, சத்தம் எதுவும் வேண்டாம், தட்டெல்லாம் தட்ட வேண்டாம். அது போற வழி அதுதான். வழிய விடுங்க. பாப்பா தூங்கறா."

படித்ததும்தான் எனக்கு உறைத்தது. ஹால் கதவைச் சாத்திவிட்டோம். பின்கதவில் வெளிச்சமும் ஆட்களும். கரடி மிரண்டால் அதற்கு மிச்சம் இருப்பது அந்தத் திரைச்சீலை ஒன்றுதான். நாங்கள் எல்லோரும் சேர்ந்து, காப்பாற்றுகிறோம் என்று, கரடியைப் பாப்பாவின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தோம். கரடிக்கு மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு இதை அவள் யோசித்திருக்கிறாள். வெளியே பத்திரமாக நின்ற இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் சுற்றி ஓடிப்போய் என் கணவரிடம் போனைக் காட்டினேன். அவர் படித்தார். டார்ச்சை அணைத்தார். கொழுந்தனார் கேட்கவில்லை. "அவ ஒத்தையில இருக்கறாடா, உடுடா என்னைய!" என்று திமிறினார். என் கணவர் தன் தம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, வாயைப் பொத்தி, முன்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார், கம்போடு நின்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். ஹாலில் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்தேன். ஒரு பார்ட்டி வீடு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் தும்மலை அடக்கியது கூடத் தெரிந்தது.

நான் அடுப்படிக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். நக்குகிற சத்தம் கேட்டது. சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது. என் பிள்ளை உள்ளே இருக்க, கதவுக்கு இந்தப்பக்கம் சும்மா நிற்பதுதான் என் வாழ்க்கையிலேயே நான் செய்த கஷ்டமான வேலை. பிரசவ வலி கூட அதற்கு ஒன்றுமில்லை. இவ்வளவு நாள் கெஞ்ச வைத்துக் கொடுத்துவிட்டு, இன்றைக்கே எடுத்துக்கொள்ளவா என்று கடவுளிடம் சண்டை போட்டேன்.

திடீரென்று 'டமார்' என்று பானை கீழே விழுந்து உடைந்தது. உடனே உள்ளேயிருந்து பாப்பாவின் குரல். அழுகை வருவதற்கு முன்னால் ஒரு கேவல் வருமே, அது. என் கை தாழ்ப்பாளுக்குப் போனது. என் கணவர் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

கேவல் அப்படியே நின்றுவிட்டது. அழுகை வரவில்லை. அது ஏன் நின்றது என்று தெரியாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை நான் யாருக்கும் விளக்க முடியாது.

பிறகு தகரம் உருளும் சத்தம், நகம் தரையில் உரசும் சத்தம், அதன்பின் ஒன்றுமில்லை. போன் மறுபடி அதிர்ந்தது. "போயிருச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க." அந்த நிலைமையிலும் கொஞ்ச நேரம் கழித்து வரச் சொல்கிறாள்!

கதவைத் திறந்து ஓடினோம். தரையெல்லாம் பீங்கான் துண்டுகள், எண்ணெய் டின் கவிழ்ந்து கிடந்தது, சாசேஜ் ஒன்று கூட மிச்சமில்லை. நான் திரைச்சீலையை விலக்கினேன். மூலையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து அவள் நின்றிருந்தாள். பாப்பாவை ஸ்வெட்டருக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தாள். அவளுடைய சுண்டுவிரல் பாப்பாவின் வாயில் இருந்தது. அதைச் சப்பிக்கொண்டு என் மகள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கொழுந்தனார் தொட்ட பிறகுதான் அவள் திரும்பினாள். திரும்பியதும் உட்கார்ந்துவிட்டாள்.

வனத்துறைக்குச் சொன்னோம், அவர்கள் வந்து தோட்டம் பக்கம் பார்த்துவிட்டுப் போனார்கள். பிரியாணியும் வந்து சேர்ந்தது. பயம் தெளிந்ததும் எங்கள் ஆட்களுக்கு நாக்கு நீண்டுவிட்டது. "துண்டு துண்டா ஒடைஞ்ச பானையக் கூட நக்கி வெச்சிட்டுப் போயிருக்குதுங்க. அப்ப ருசி நல்லாத்தான் இருந்திருக்கோணும்" என்றார் என் கணவரின் நண்பர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே அழுதேன்.

அவள் மட்டும் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உனக்கு எப்படி இதெல்லாம் தோன்றியது என்று கேட்டேன்.

"எங்க எஸ்டேட் லயத்து வீட்டுக்கு ஆனை வரும்க்கா. வாசல்ல நின்னா உள்ள இருக்கறவங்க அசைய மாட்டோம், வெளிய இருக்கறவங்க வழிய விட்டு ஒதுங்கிருவாங்க. இது ஆனையில்ல, எனக்குத் தெரியும். ஆனா எதுக்குமே போறதுக்கு ஒரு வழி வேணும் இல்லக்கா?" என்றாள். அவள் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

எனக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. "ஏம்மா, செவுத்தப் பாத்து நின்னியே. கரடி உள்ள வந்தா உனக்கு எப்படித் தெரியும்? அதப் பாத்துட்டு நிக்க வேண்டாமா?"

அவள் டீ தம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சு நான் என்னக்கா செய்ய? பானை ஒடைஞ்சப்போ பாப்பா முழிச்சிட்டா. அதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல. வந்தா மொதல்ல என் முதுகுலதான் படணும்னு திரும்பிக்கிட்டேன்."

ஏதோ குழம்புக்கு உப்புப் போட்டதைச் சொல்வது போல அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி தம்ளரை எடுத்துக்கொண்டாள். எனக்கு அவள் காலில் விழ வேண்டும் போல இருந்தது. வயதில் சின்னவள், கூச்சப்படுவாள் என்று கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். வெகு நேரம் விடவில்லை.

இப்போது என் மகள் நடக்கிறாள், அந்த அறைக்குப் புதுக் கதவும் போட்டாயிற்று. அவளுடைய சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னைத் திரும்பிக் கூடப் பார்க்காமல் ஓடிப்போய் அந்த முதுகில் தொற்றிக்கொள்கிறாள். பார்த்துக்கொண்டே நிற்பேன். பத்து மாதம் சுமந்தவள் நான்தான் என்றாலும், என் பிள்ளைக்கு இரண்டு தாய் என்று யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்வேன்.